துப்பாக்கிக்குத் தேடியது... கத்திக்குக் கிடைத்தது!

காலையில் நீங்கள் பால் குடித்த டம்ளரை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பாருங்கள். பளபளவென்று இருக்கிறதா? அதை நாம் எவர்சில்வர் என்கிறோம். ஆனால், அதில் வெள்ளி ஒரு துளிகூடக் கிடையாது! அது இரும்புக் குடும்பத்துப் பிள்ளை. வாசலில் கிடக்கும் ஆணி ஒரு மழைக்கே துருப்பிடித்துவிடுகிறது. இந்த டம்ளரோ தினமும் தண்ணீரில் குளிக்கிறது, மோரையும் ரசத்தையும் தாங்குகிறது, எலுமிச்சைச் சாற்றுக்கும் அசைவதில்லை. ஒரே குடும்பத்தில் பிறந்தும் இரண்டுக்கும் ஏன் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்விக்கான விடையில் முக்கியமான பங்கு உள்ளவர், இங்கிலாந்தைச் சேர்ந்த ஹாரி பிரியர்லி. வேடிக்கை என்னவென்றால், அவர் டம்ளருக்கோ கரண்டிக்கோ உலோகம் தேடவில்லை. ராணுவத் துப்பாக்கியின் குழலுக்கு நல்ல உருக்கு எது என்றுதான் தேடிக்கொண்டிருந்தார்!

ஹாரி 1871-ம் ஆண்டு பிப்ரவரி 18-ம் தேதி ஷெஃபீல்டு நகரில் பிறந்தார். கத்திக்கும் உருக்குக்கும் பல நூறு ஆண்டுகளாகப் பேர்போன ஊர் அது. அப்பா ஜான், உருக்கு ஆலையில் உலைத் தொழிலாளி. வீட்டில் பிள்ளைகள் மொத்தம் ஒன்பது பேர். ஹாரி எட்டாவது! வீடோ சின்னஞ்சிறியது. இத்தனை பேரும் அதற்குள் எப்படிப் படுத்தார்கள் என்று நினைத்தாலே நமக்கு மூச்சு முட்டும்.

அந்தக் காலத்தில் ஷெஃபீல்டில் நல்ல உருக்கை எப்படிச் செய்தார்கள் தெரியுமா? களிமண்ணை வெறுங்காலால் மணிக்கணக்கில் மிதித்துப் பிசைந்து, குடம்போன்ற மூசைகள் செய்வார்கள். அவற்றில் இரும்புத் துண்டுகளைப் போட்டு, தரைக்குக் கீழே உள்ள உலைக்குழியில் இறக்கிக் கொதிக்க விடுவார்கள். பதம் வந்துவிட்டதா என்று பார்க்க எந்தக் கருவியும் கிடையாது. கண்தான் கருவி! உலையின் நிறத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்லிவிடுவார்கள். ஈரச் சாக்கைக் காலில் சுற்றிக்கொண்டு, நீண்ட இடுக்கியால் மூசையைத் தூக்கி, உருக்கை அச்சில் ஊற்றுவார்கள். ஹாரியின் அப்பாவும் இப்படி ஒரு தொழிலாளிதான்.

12 வயதோடு ஹாரியின் பள்ளிப் படிப்பு முடிந்துபோனது. படிக்கப் பிடிக்காமல் அல்ல, குடும்பத்தின் வறுமை அப்படி. அப்பா வேலை பார்த்த தாமஸ் ஃபர்த் அண்ட் சன்ஸ் ஆலையிலேயே எடுபிடி வேலையில் சேர்ந்தார். கொஞ்ச நாளில் அந்த ஆலையின் ரசாயன ஆய்வுக்கூடத்துக்கு மாற்றினார்கள். பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். குடுவை, புட்டிகளைக் கழுவி வைக்க ஒரு பையன் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்!

ஆனால், ஆய்வுக்கூடத்தின் தலைவர் ஜேம்ஸ் டெய்லர் நல்ல மனிதர். இந்தப் பையனின் ஆர்வத்தைக் கவனித்து, கணக்கும் ரசாயனமும் படிக்கத் தூண்டினார். ஹாரி பகலில் வேலை செய்தார். இரவில் வீட்டில் படித்தார், பிறகு மாலை வகுப்புகளுக்கும் போனார். புட்டி கழுவிய பையன், உருக்கில் எந்தப் பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பிரித்துச் சொல்லும் நிபுணராக வளர்ந்தார். 1902-ல் அதைப் பற்றி ஃபிரெட் இபட்சன் என்பவருடன் சேர்ந்து ஒரு புத்தகமும் வெளியிட்டார். கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

1904-ல் ஃபர்த் நிறுவனம் அவரை ரீகா நகருக்கு அனுப்பியது. இன்று அது லாட்வியா நாட்டின் தலைநகரம். அப்போது ரஷ்யப் பேரரசின் ஓர் ஊர். அடுத்த ஆண்டே அங்கே பெரிய கிளர்ச்சி வெடித்தது. அதற்கிடையிலும் ஆலை வேலையைக் கவனித்தார் ஹாரி. 1907-ல் ஷெஃபீல்டு திரும்பினார். ஃபர்த் நிறுவனமும் ஜான் பிரவுன் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய புதிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு அவரே தலைவர்!

இனிமேல்தான் துப்பாக்கி வருகிறது.

லண்டனுக்கு அருகில் என்ஃபீல்டு என்ற இடத்தில் அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலை இருந்தது. (ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளைப் பார்த்திருப்பீர்களே! அந்தப் பெயர் இந்த ஊரிலிருந்து வந்ததுதான். அந்தத் தொழிற்சாலைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்த ஒரு கம்பெனி, அதையே தன் சைக்கிள்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டது.) ராணுவத்துக்கு ரைபிள்கள் செய்து கொடுத்த அந்தத் தொழிற்சாலைக்கு ஒரு தலைவலி. துப்பாக்கிக் குழல்கள் சீக்கிரமே தேய்ந்துபோயின. 1912-ல் இந்தப் பிரச்னை ஹாரியிடம் வந்தது.

குழல் ஏன் தேய்கிறது? ரைபிள் குழலின் உட்புறம் வழவழவென்று இருக்காது. திருகாணியில் இருப்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் போகும் வரிப்பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள். குண்டு அவற்றில் இறுகப் பிடித்துக்கொண்டு, பம்பரம்போலச் சுழன்றபடி வெளியே வரும். சுழல்வதால்தான் அது நேராகப் போகிறது. ஆனால், ஒவ்வொரு முறை சுடும்போதும் மருந்து எரிந்து, 2,000 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில் வாயு சீறிக்கொண்டு பாயும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இருந்தாலும், உருக்கின் மேல்தோலை அது கொஞ்சம் அரித்துவிட்டுத்தான் போகும். ஆயிரக்கணக்கான முறை இப்படி நடந்தால்? வரிப்பள்ளம் தேய்ந்துவிடும். குழலின் துளை வெறும் 7.7 மில்லிமீட்டர்தான். அதில் மயிரிழை அகலம் கூடினாலும் குண்டு தளர்ந்துவிடும், குறி தப்பிவிடும்.

நல்ல கெட்டியான உருக்கில் குழலைச் செய்துவிட்டால் போகிறது என்று உங்களுக்குத் தோன்றும். அங்கேதான் சிக்கல்! உருக்கில் நல்ல உருக்கு, கெட்ட உருக்கு என்று பொதுவாகச் சொல்ல முடியாது. எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் பதில் வரும். துப்பாக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சுருள்வில் வளைந்து வளைந்து மறுபடி பழைய நிலைக்கு வரவேண்டும். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் பாகத்துக்கு மேல்தோல் மட்டும் கடினமாக இருக்க வேண்டும். உள்ளே முழுதும் கடினமானால் அடி தாங்காமல் விரிந்துவிடும். குழலோ உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கி, வெடிக்காமல் இருக்க வேண்டும். ரொம்பக் கெட்டியான உருக்கு கண்ணாடிபோல உடையும். அப்படி ஒரு குழல் சுடுபவரின் முகத்தருகே வெடித்தால் என்ன ஆகும்? அதனால், வலுவும் வேண்டும், உடையாத தன்மையும் வேண்டும், சூட்டு வாயு அரிக்காமலும் இருக்க வேண்டும். போதாததற்கு, நடுவில் நீளமாகத் துளை போட வசதியாகவும் இருக்க வேண்டும்!

ஹாரி யோசித்தார். இரும்பு உருக 1,538 டிகிரி வேண்டும். குரோமியம் உருக 1,907 டிகிரி வேண்டும். உருக்கில் குரோமியத்தைச் சேர்த்து, கார்பனைக் குறைத்தால் சூட்டு அரிப்பை நன்றாகத் தாங்கும் என்பது அவர் கணக்கு. குரோமியம் 6 சதவீதத்திலிருந்து 15 சதவீதம்வரை, கார்பன் கூட்டியும் குறைத்தும், விதவிதமாகக் கலந்து பார்க்கத் திட்டம் போட்டார்.

1913-ம் ஆண்டு ஆகஸ்ட் 13-ம் தேதி. மின்சார உலையில் ஒரு கலவை உருகி வந்தது. அதில் குரோமியம் 12.8 சதவீதம், கார்பன் 0.24 சதவீதம். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பின்னால் வேலை இருக்கிறது.

உருக்கின் உள்ளமைப்பைப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு துண்டை வெட்டி, கண்ணாடிபோல மெருகேற்றி, நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹாலில் கலந்து அதன்மேல் பூசுவார்கள். அமிலம் சில இடங்களை அதிகமாகவும் சில இடங்களைக் குறைவாகவும் அரிக்கும். பிறகு மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கோலம்போட்டதுபோல உள்ளமைப்பு தெரியும். ஹாரியின் ஆய்வுக்கூடத்தில் இது தினசரி வேலை. ஆனால், இந்தப் புது உருக்கில் கோலமே விழவில்லை! அமிலம் அதைச் சீண்டவே இல்லை.

வேறு ஒருவராக இருந்தால், அமிலம் கெட்டுவிட்டது என்று புட்டியை மாற்றியிருப்பார். ஹாரியோ சமையலறைச் சரக்குக்குப் போனார். வினிகர் ஊற்றிப் பார்த்தார். எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தார். கறையே இல்லை!

(தேவையில்லை என்று தூக்கிப்போட்ட குழல்கள் பழைய இரும்புக் குவியலில் கிடந்தன, மாதக்கணக்கில் மழையில் நனைந்தபின்னும் ஒன்று மட்டும் பளபளத்தது என்று ஒரு கதை உண்டு. பல புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கென்னவோ, எலுமிச்சைச் சாற்றோடு மேஜைமுன் நிற்கும் ஹாரியைத்தான் பிடித்திருக்கிறது.)

துரு ஏன் பிடிக்கவில்லை? காற்றிலுள்ள ஆக்சிஜன் குரோமியத்தோடு சேர்ந்து, உருக்கின்மேல் மிக மெல்லிய தோலாகப் படிந்துகொள்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஈரமும் அமிலமும் அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. கீறல் விழுந்தாலும் கவலையில்லை. காற்றுப் பட்டதும் புதுத்தோல் வளர்ந்துவிடும், உங்கள் முழங்கால் சிராய்ப்பு ஆறுவதுபோல! இதற்குச் சுமார் 10.5 சதவீதமாவது குரோமியம் வேண்டும். கார்பன் அதிகமானால் அது குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தோல் போடக் குரோமியம் மிஞ்சாது. ஹாரியின் 12.8-ம் 0.24-ம் ஏன் சரியாக வந்தன என்று புரிகிறதா?

சரி, துப்பாக்கி என்ன ஆனது? தொழிற்சாலை இந்த உருக்கைக் குழலுக்கு ஏற்றுக்கொள்ளவில்லை. எந்த வேலைக்காக ஹாரி ராப்பகலாக உழைத்தாரோ, அந்த வேலைக்கு அது எடுபடவில்லை!

ஹாரி ஷெஃபீல்டில் பிறந்தவர் அல்லவா? அவருக்கு உடனே கத்தி ஞாபகம் வந்தது. உங்கள் பாட்டி வீட்டில் பழைய இரும்பு அரிவாள்மனை இருந்தால், அதில் எலுமிச்சம்பழம் நறுக்கிப் பாருங்கள். (பெரியவர்களை நறுக்கச் சொல்லுங்கள்!) சற்று நேரத்தில் வெட்டுவாய் கறுத்துவிடும். அன்றைய சாப்பாட்டு மேஜைக் கத்திகளும் அப்படித்தான். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பொடி போட்டுத் தேய்த்து, துடைத்து, காயவைக்க வேண்டும். கறுக்காத கத்தி கிடைத்தால் எவ்வளவு வசதி!

கம்பெனியில் சொன்னார். யாரும் அக்கறை காட்டவில்லை. ஊரின் கத்தி செய்பவர்கள் இரண்டு பேருக்கு உருக்கை அனுப்பி வைத்தார்கள். இது கத்திக்கு லாயக்கில்லை என்று பதில் வந்தது. அடித்து வடிவம் கொடுக்க முடியவில்லை, கூரும் ஏறவில்லை என்றார்கள். வெட்டாத கத்தியைக் கண்டுபிடித்த மனிதர் என்று ஹாரியைக் கேலி செய்தார்களாம்!

கோளாறு உருக்கில் இல்லை. பழைய கார்பன் உருக்குக்குப் பழகிய கை, அதே சூட்டில் இதையும் காய்ச்சியது. புது உருக்குக்குப் பதமே வேறு. அதிகச் சூடு கேட்கும். ஹாரிக்கு இது தெரியும். உருக்கைப் பதப்படுத்துவது பற்றி 1911-லேயே தனியாக ஒரு புத்தகம் எழுதியவர் அவர்!

கடைசியில் எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்பவர் கிடைத்தார். ஆர்.எஃப்.மோஸ்லி என்ற கத்தி கம்பெனியின் மேலாளர். துருப்பிடிக்காத உருக்கு என்பதை முதலில் அவரும் நம்பவில்லை. ஒரு துண்டை வினிகரில் போட்டுப் பார்த்தார். கறை படியவில்லை. உடனே செய்து பார்க்க ஆரம்பித்தார். முதல் முறை, கத்தி அடிக்கும் கருவிகள்தான் கெட்டுப்போயின. இரண்டாம் முறை, கத்தி அளவுக்கு மீறிக் கெட்டியாகி உடையும் பக்குவத்தில் வந்தது. மூன்றாம் முறை ஹாரியே பக்கத்தில் நின்றார். சூட்டைப் பார்த்துப் பார்த்துச் சொன்னார். கத்திகள் அருமையாக வந்தன! ஹாரி தன் உருக்கைத் துருவில்லாதது என்ற பெயரில்தான் அழைத்தார். கறையில்லாதது என்று பொருள்படும் ஸ்டெயின்லெஸ் என்ற பெயரைச் சூட்டியவர் ஸ்டூவர்ட்தான்.

இனி ஹாரிக்கு நல்ல காலம் என்று நினைப்பீர்கள். நடந்தது வேறு. யாரும் சீண்டாத உருக்குக்குக் கிராக்கி வந்ததும், அது யாருக்குச் சொந்தம் என்ற தகராறு கிளம்பியது. கம்பெனி, ஆராய்ச்சிக்கூடத்தில் நடந்தது எல்லாம் தனக்கே உரியது என்றது. தானாக முயன்று கண்டுபிடித்து, கத்திக்கு ஆகும் என்று சொன்னதும் தான்தானே என்பது ஹாரியின் கட்சி. பேச்சு முற்றியது. 1914-ம் ஆண்டு கடைசியில் வேலையை விட்டார். எடுபிடிப் பையனாக நுழைந்த இடம், அப்பாவின் உலை இருந்த இடம் அது! எத்தனை வருத்தத்தோடு வெளியேறியிருப்பார் என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, பிரவுன் பெய்லி என்ற வேறு உருக்கு ஆலையில் மேலாளராகச் சேர்ந்தார். சும்மாவும் இருக்கவில்லை. ஜான் மேடக்ஸ் என்பவரின் உதவியோடு அமெரிக்காவில் காப்புரிமை கேட்டார். 1916-ல் அது கிடைத்தது. அதன் பிறகு ஃபர்த் நிறுவனம் இறங்கி வந்தது. 1917-ல் இரு தரப்பும் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கினார்கள். அதன் பெயரில் ஃபர்த், பிரியர்லி இரண்டு பெயர்களும் இருந்தன!

இதற்கிடையே முதல் உலகப்போர் வந்துவிட்டது. கத்திக்கு இந்த உருக்கைத் தரக்கூடாது என்று தடை. எல்லாம் விமானங்களுக்குப் போனது. விமான எஞ்சினில் புகை வெளியேறும் வால்வு நெருப்பாகக் கொதிக்கும் இடம். அங்கே இந்த உருக்கு நன்றாகத் தாங்கியது. துப்பாக்கிக்குழலில் எடுபடாத சரக்கு ஆகாயத்தில் பறந்தது!

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். துருப்பிடிக்காத உருக்கை ஹாரி மட்டும் தனியாகக் கண்டுபிடித்தார் என்று யாராவது சொன்னால் முழுதும் நம்பாதீர்கள். ஜெர்மனியில் க்ருப் நிறுவனத்தினர் குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த உருக்குக்கு 1912-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்திருந்தார்கள். அமெரிக்காவில் எல்வுட் ஹேன்ஸ் என்பவரும் உரிமை கோரினார். உங்கள் டம்ளர்கூட ஹாரியின் நேரடிப் பிள்ளை அல்ல. 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கொண்ட வகை ஒன்று உண்டு. ஷெஃபீல்டு ஆராய்ச்சிக்கூடத்தில் ஹாரிக்குப் பின் தலைவரான வில்லியம் ஹேட்ஃபீல்டு 1924-ல் உருவாக்கியது. நல்ல எவர்சில்வர் பாத்திரங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. அது வளைந்து கொடுக்கும், தகடாக்கிக் குழிக்க முடியும். ஆனால், காய்ச்சிக் குளிர வைத்தாலும் கத்திபோலக் கெட்டியாகாது. ஹாரியின் உருக்கு கெட்டியாகும், கூர் நிற்கும். இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு காந்தம் போதும். வீட்டிலுள்ள எவர்சில்வர் கத்தியில் வைத்தால் பெரும்பாலும் ஒட்டிக்கொள்ளும். 18-க்கு 8 டம்ளரில் ஒட்டாது, அல்லது லேசாகத்தான் இழுக்கும். சோதித்துப் பாருங்களேன்!

துப்பாக்கிக்காரர்களும் பிற்காலத்தில் குரோமியத்திடம் திரும்பி வந்தார்கள். ஏகே-47 போன்ற ராணுவத் துப்பாக்கிகளின் குழலுக்குள் குரோமிய முலாம் பூசப்பட்டது. குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்கென்று தனியாகக் குழல் கடைபவர்களிடம் இரண்டு வகை உருக்குகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்றில் குரோமியம் சுமார் 1 சதவீதம், கூடவே கொஞ்சம் மாலிப்டினம்; நல்ல வலு, ஆனால் துருப்பிடிக்கும். இன்னொன்றில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம். கடைசலில் சுலபமாக வெட்டுப்படுவதற்காக இதில் கொஞ்சம் கந்தகமும் சேர்க்கிறார்கள். 12 முதல் 14! ஹாரியின் 12.8 அதற்கு நடுவில்தான் இருக்கிறது.

1920-ல் இங்கிலாந்தின் இரும்பு மற்றும் உருக்குக் கழகம் ஹாரிக்குப் பெஸ்ஸிமர் தங்கப் பதக்கம் வழங்கியது. உருக்குத் துறையில் அது பெரிய கௌரவம். பணமும் சேர்ந்தது. 1941-ல் அதிலிருந்து ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஷெஃபீல்டு மக்களுக்கு உதவுவதற்காக ஏற்படுத்தியது அது. அதே ஆண்டு தன் வாழ்க்கைக் கதையையும் எழுதி வெளியிட்டார்.

1948-ல், தெற்குக் கடற்கரை ஊரான டார்க்கியில், 77-வது வயதில் ஹாரி பிரியர்லி காலமானார். அவருடைய உருக்குக்கு நூறு வயதான 2013-ல், ஷெஃபீல்டில் ஒரு கட்டடச் சுவர் முழுக்க அவருடைய படத்தை வரைந்தார்கள். முதல் ஸ்டெயின்லெஸ் கத்திகள் உருவான மோஸ்லியின் பட்டறைக் கட்டடத்தையும் அதே ஆண்டில் ஊர்மக்கள் நூற்றுக்கணக்கானோர் பங்குப் பணம் போட்டு வாங்கிக் காப்பாற்றினார்கள். சின்னச் சின்னப் பட்டறைகள் அங்கே தொடர்ந்து இயங்குகின்றன.